திருப்பதியிலிருந்து வந்த மாத்திரை

மருந்து ஆய்வு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லதாகப் பேச எனக்கு வராது. கோப்புகளை எப்படி அடுக்குவது, எந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எந்தத் தேதி போடுவது என்பதெல்லாம் மூன்று நாள் ஏசி அறையில் உட்கார வைத்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நடுவில் பிஸ்கட்டும் கொடுத்திருப்பார்கள். நான் அதையெல்லாம் தொடப்போவதில்லை. இந்த உத்தியோகத்தில் ஒரு ஆளை நான் ஏறக்குறையக் கொன்றேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற ஆளாகத்தான் பிழைப்பைத் தொடங்கினேன். மாம்பழக் கூழ் சீசன் வந்தால் ஃபேக்டரியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பாதிப் பேருக்கு வெறும் வாய்வு. அப்படியே எடுத்து எடுத்து, அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஆள் எப்படி இருக்கிறான் என்று சொல்லுமளவுக்குக் கண் பழகிவிட்டது. பிறகு திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஆய்வுகளுக்கு கோஆர்டினேட்டர் ஆனேன். நோயாளிக்கும் டாக்டருக்கும் மருந்து கம்பெனிக்கும் நடுவில் ஓடுகிற வேலை. என் மாமியார் கடைசி வரை என்னைக் கம்பவுண்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திருத்த எனக்கும் நேரமில்லை.

அந்த ஆய்வு ஒரு பரம்பரைத் தசை நோய்க்கானது. ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கு வருவது. கையை இறுக்கினால் திரும்பப் பிரியாது. மூளை விடு என்று சொல்லும், தசை விடாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவர்கள் இறங்குகிற இடம் வந்தும் விட முடியாமல் நிற்பார்கள், கண்டக்டர் கத்துவார். இது மட்டும் என்றால் பரவாயில்லை. இதே நோய் இதயத்துக்குள் மின்சாரம் ஓடுகிற பாதையையும் மெல்ல அரித்துவிடும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் திடீரென்று விழுந்து போய்விடுவார். நாங்கள் சோதித்த மாத்திரை கையை விடுவிக்கும் என்று நம்பினார்கள். ஆனால் இதயத்தின் பாதை ஏற்கெனவே கெட்டிருந்தால், அதே மாத்திரை அதை மொத்தமாக அடைத்துவிடும்.

நகரியிலிருந்து அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா அம்சா, தம்பி முருகேசன். இரண்டு பேரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டால் விரல் பிரிய அரை நிமிஷம் ஆகும், அதற்குள் பக்கத்துத் தறியில் நாலு இழை அறுந்திருக்கும். அவர்களுடைய நைனாவுக்கும் இதே நோய். அவர் போன வருஷம்தான் தறியடியிலேயே விழுந்து செத்துப்போயிருந்தார். ஊரில் மாரடைப்பு என்று முடித்துவிட்டார்கள்.

இருவருக்கும் நானே ஈசிஜி எடுத்தேன். அம்சாவுக்கு ஒழுங்காக இருந்தது. முருகேசனுடையதைச் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எடுத்தேன். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகிற மின்சாரம் தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது. எங்கள் பெரிய டாக்டரம்மா பார்த்தார். தெலுங்குக்காரர், கடப்பாப் பக்கம், அதிகம் பேசமாட்டார். முருகேசன் பேஸ்மேக்கருக்கு இன்னும் சில டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். "அந்தப் பையனுக்கு எல்லாம் தெளிவா சொல்லிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

வெளியே வந்தேன். பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், அக்காவுக்கு மட்டுந்தானா? எனக்கு இல்லியா?" என்றான் முருகேசன்.

"உனக்கு அந்த மாத்திரை ஒத்துக்காதுப்பா. ஈசிஜி கொஞ்சம் முன்ன பின்ன இருக்குது. டாக்டரம்மா எழுதின டெஸ்டைப் பண்ணிக்கோ."

"பொரட்டாசி போகட்டும் சார், பண்ணிக்கறேன். பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. செத்துப்போவாய் என்று சொல்லவில்லை. அப்பன் போய் ஒரு வருஷம் ஆகாத வீடு, பையனுக்குப் பெண் வேறு பார்க்கிறார்கள், இதை எப்படி மூஞ்சிக்கு நேராகச் சொல்வது என்று மனசு இளகியது பாதிக் காரணம். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது மீதிக் காரணம். உள்ளே போய், இரண்டு பேருடைய ஒப்புதல் படிவத்திலும் "அபாயங்கள் விளக்கப்பட்டன" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அந்தப் பத்தொன்பது பக்கத் தமிழ்ப் படிவத்தில் "இதயத்துடிப்பு ஒழுங்கின்மை நேரக்கூடும்" என்று ஒரு வரி இருந்தது. அதை யார் மொழிபெயர்த்தார்களோ, அவர்கள் வீட்டிலாவது யாருக்காவது அது புரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் நான் அம்சாவுக்கு அழுத்தந்திருத்தமாகப் படித்துக் காட்டினேன். மாத்திரையைத் தவறவிடக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, விதியை மீறினால் ஆய்விலிருந்து விலக்கப்படுவீர்கள் என்ற பக்கம். கம்பெனிக்குப் பிடித்த பக்கம் அது.

அம்சாவுக்கு மாத்திரை ஆரம்பித்தது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மாதம் ஒரு முறை வந்து மீந்த மாத்திரையைத் திருப்பித் தர வேண்டும். நான் எண்ணி எழுதுவேன். மற்றவர்கள் கொண்டு வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கடலை பிடுங்குகிற வாரம் மறந்துவிட்டேன் என்பார் விஜயபுரத்துக்காரர். அட்டையை ஆடு தின்றுவிட்டது என்பார் இன்னொருவர், தின்ற ஆடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டு அதையும் எழுதினேன். அம்சா கொண்டு வருவது மட்டும் ஒன்றுகூடப் பிசகாமல் இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோருக்கும் அவளை உதாரணமாகக் காட்டினேன்.

கம்பெனி ஹைதராபாத்திலிருந்து ஒரு மானிட்டரை அனுப்பும். நாங்கள் ஒழுங்காக எழுதுகிறோமா என்று பார்ப்பதற்கு. நான் கண்ட மானிட்டர்களில் பாதிப் பேர் கோப்பைப் பார்த்ததைவிட மலையைப் பார்த்ததுதான் அதிகம். தரிசன டிக்கெட் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இந்த ஆய்வுக்கு வந்தவன் சின்னப் பையன், சக்கரம் வைத்த பெட்டி, கழுத்தில் டை. அவனும் அம்சாவின் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான கணக்கை வேறெங்கும் பார்த்ததில்லை என்றான். நானும் பல்லைக் காட்டினேன். மனுஷர்கள் மாத்திரையை மறப்பார்கள், கீழே போடுவார்கள், பேத்தி எடுத்து விளையாடுவாள். ஒரு தப்புகூட இல்லாத கணக்கைக் கண்டால் நீங்கள் சந்தேகப்பட வேண்டும், என்னைப் போல இளிக்கக் கூடாது.

மூன்றாவது மாதம் அம்சாவோடு முருகேசனும் வந்தான். அன்றைக்கென்று அந்த மானிட்டரும் உள்ளே கோப்போடு உட்கார்ந்திருந்தான். அம்சாவின் கை பிரிகிற நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். முன்னைவிடக் கொஞ்சம் தேவலை. ரொம்பவும் இல்லை. அதற்குள் முருகேசன் வெளியே போய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். கிளாஸை நீட்டினான், நான் வாங்கினேன், அவன் விட்டுவிட்டான்.

முதல் தடவை வந்தபோதும் அவன் எனக்கு டீ வாங்கித் தந்திருந்தான். அன்றைக்குக் கிளாஸை அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, அவன் விரல் பிரிகிற வரைக்கும் இரண்டு பேரும் அசடு வழிந்துகொண்டு நின்றோம். இன்றைக்கு ஒரு நொடியில் விட்டுவிட்டான். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாகிவிட்டது. புத்தி கெட்டவன் மாதிரி, "பரவாயில்லையேப்பா, இன்னா வைத்தியம் பண்ணிக்கின?" என்று கேட்டேன்.

"எல்லாம் சாமி வைத்தியம் சார்" என்று சிரித்தான்.

அம்சா அவனை முறைத்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டீயைக் கீழே வைத்தேன்.

"முருகேசா, உள்ள வந்து ஒரு நிமிஷம் படு."

"எனக்கு இன்னாத்துக்கு சார்? அக்காவுக்குத்தான பாக்கணும்?"

"படுடான்னா படு."

நெஞ்சில் ஒயரை மாட்டும்போதே அம்சா என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "சார், எழுதிடாதீங்க சார். என்னை வெளிய அனுப்பிடுவாங்க. இப்பத்தான் நூலைப் புடிச்சி முடிச்சி போட முடியுது. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்."

நான் மிஷினைப் போட்டேன். பேப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு துடிப்புக்கு ஒன்று காணவில்லை. பிறகு மூன்றுக்கு ஒன்று. முருகேசன், "சார், தலை ஒரு மாதிரியா சுத்துது" என்றான். அதோடு கண் செருகிவிட்டது. பேப்பரில் நேர்க்கோடு ஓடியது.

எத்தனையோ ஆயிரம் ஈசிஜி எடுத்தவன் நான். கோடு அப்படி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நொடி அப்படியே நின்றேன். பிறகு கத்தினேன். டாக்டரம்மா ஓடி வந்தார், நர்சுகள் வந்தார்கள், நான் அவன் நெஞ்சை அமுக்கினேன். மானிட்டர் பையனும் ஓடி வந்தான். யாரோ அவன் கையில் சலைன் பாட்டிலைக் கொடுத்தார்கள். கடைசி வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றோடு அவனைப் பற்றிக் கிண்டலடிப்பதை நான் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். துடிப்பு திரும்பி வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. வந்தது, போனது.

கழுத்து நரம்பு வழியாக, இதயத்தைத் துடிக்க வைக்கிற தற்காலிக ஒயர் போடத் தயார் செய்துகொண்டே டாக்டரம்மா கேட்டார். "ஏம் தின்னாடு? என்ன சாப்பிட்டான்? எந்த மாத்திரை, எத்தனை, எப்போ?"

அம்சா வாயைத் திறக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். தம்பி கட்டிலில் கிடக்கிறான், அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தம்பிக்கு மயக்கம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் மாத்திரை போய்விடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பக்கத்தை நான்தான் அவ்வளவு நன்றாகப் படித்துக் காட்டியிருந்தேனே. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அம்சா, இப்ப நீ சொல்லலன்னா உன் தம்பி செத்துடுவான். உங்க நைனா செத்த மாதிரியே செத்துடுவான்."

உடனே சொல்லிவிட்டாள். "ராத்திரி மாத்திரை அவனுக்கு. மொத டப்பாலேர்ந்தே குடுத்துக்கினு இருக்கேன். நேத்து மட்டும் ரெண்டையும் அவனுக்கே குடுத்துட்டேன். கை ரொம்ப வலிக்குதுன்னான்."

அது அசலா போலியா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன மருந்து கொடுப்பது என்று முடிவெடுக்க முடியும். அதைத் தெரிந்துகொள்ள ரகசியக் குறியைத் திறக்க வேண்டும். திறந்தால் அம்சா ஆய்வில் இல்லை, அங்கேயே முடிந்தது. டாக்டரம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெறவண்டி" என்றார். திறந்தேன். அசல்தான். ஒயர் உள்ளே போனது. சாயங்காலம் முருகேசன் கண்ணைத் திறந்து, டீ குடித்தேனா என்று என்னைக் கேட்டான்.

அதற்குப் பிறகு வராந்தாவில் அம்சாவைப் பிடித்துத் திட்டினேன். பயம் போனதும் மனுஷனுக்கு வாய் வருமே, அப்படி. "யாருக்கும் குடுக்காதேன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, உனக்கு அறிவு இருக்குதா?"

அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். "திருப்பதியிலேர்ந்து எது வந்தாலும் எங்க ஊட்ல பங்கு வெப்போம் சார். லட்டு வந்தா தெருவுக்கே பிட்டுக் குடுப்போம். அதே திருப்பதியிலேர்ந்து மாத்திரை வருது, அதே நோவு அவனுக்கும் கீது. கூடப் பொறந்தவனைப் பக்கத்துல வெச்சிக்கினு நான் ஒண்டியா துன்னுவனா? ஒத்துக்காதுன்னு சொன்னீங்க. கத்திரிக்காகூடத்தான் அவனுக்கு ஒத்துக்காது. அதான் ஒண்ணே ஒண்ணு, மோர் ஊத்தி."

மோர். இதயத்தை நிறுத்துகிற மாத்திரைக்குச் சூடு தணிய மோர் கொடுத்திருக்கிறாள். பரம்பரை நோயில் நீங்கள் கையெழுத்து வாங்குவது ஒரு ஆளிடம்தான், நோய் இருப்பது மொத்த வீட்டுக்கும். ஒருத்தருக்கு மாத்திரையைக் கொடுத்து இன்னொருத்தரை வெறுங்கையோடு அதே வீட்டுக்கு அனுப்பினால் நடுவில் என்ன நடக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் யோசிக்காமலே செய்கிற காரியம் அது.

அறிக்கை எழுதினேன். பங்கேற்பாளர் விதியை மீறி மருந்தைத் தம்பிக்குக் கொடுத்தார், விலக்கப்பட்டார். மூன்று வரி, எல்லாம் உண்மை. மானிட்டர் படித்துவிட்டுத் தெளிவாக இருக்கிறது என்றான்.

முருகேசனுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்குப் போகிற நாளில் அம்சா என் மேஜைக்கு வந்தாள். மாத்திரை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. அவள் பிடித்திருந்த துணிப்பையின் காதிலிருந்து விரல்கள் பிரியவில்லை, மறு கையால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"செத்துடுவான்னு அன்னிக்கி சொன்னீங்களே சார். அதை மொத நாளே சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனா?"

"தப்பு என்னுதுதாம்மா" என்றேன். மனசறிந்துதான் சொன்னேன்.

"என் தப்பை எழுதுனீங்களே. உங்க தப்பை எழுதுனீங்களா?"

எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு நகரி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு அப்படி ஒரு அவமானம். ரிட்டையர் ஆக ஏழு வருஷம் இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் அறிக்கையின் கீழே எழுதினேன். உயிருக்கு ஆபத்து என்பதை நான் அந்தக் குடும்பத்திடம் சொல்லவில்லை, சொன்னதாக டிக் அடித்தேன் என்று.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். படித்தார். "இது போனா உங்களுக்குக் கஷ்டம்" என்றார்.

"தெரியும் மேடம்."

"அன்னைக்கே எழுதியிருக்கணும்." தட்டிக்கொடுப்பார் என்று நான் நினைத்திருந்தால் என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஆனால் பேனாவை எடுத்துத் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார், தான் சரிபார்க்கவில்லை என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நடக்க வேண்டியது நடந்தது. எங்கள் இடத்தில் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். என்னைக் கோஆர்டினேட்டர் வேலையிலிருந்து தள்ளிவைத்து, உங்களை உட்கார வைத்தார்களே, அதே மாதிரி வகுப்பில் உங்கள் வயசுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பாடம் எடுத்தவன் அந்த மானிட்டர் பையன். என் பக்கம் திரும்பும்போதெல்லாம் டையைச் சரிசெய்துகொண்டான். பாவம், அவனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. நான் பிஸ்கட்டைத் தின்றேன்.

ஆய்வுகளை மேற்பார்க்கிற ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு நாங்கள் எழுதின இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் பேசியது. கடைசியில், சொல்லாத ஆபத்துக்கு அம்சாவைத் தண்டிக்க முடியாது, எல்லோருக்கும் அசல் மாத்திரை கொடுக்கிற அடுத்த கட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியது. அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஒரு வருஷமும் அவள் பிரியாத கையோடுதான் தறி ஓட்டினாள். அது என் கணக்கில்தான் சேரும்.

அம்சா முதல் டப்பாவை வாங்க வந்த அன்று முருகேசனும் கூட வந்தான். தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் சட்டைக்கு மேல் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கு வேலை திரும்பக் கிடைத்து ஒரு வாரம்தான். படிவத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

"அம்சா, இந்த மாத்திரையை வேற யாருன்னா துன்னா செத்துடுவாங்க. தம்பி, அவன் புள்ள, யாரா இருந்தாலும் சரி. உனக்கே நெஞ்சு படபடன்னா, தலை சுத்துனா, உடனே வரணும். வரலன்னா நீயும் செத்துடுவ."

முருகேசன் முகம் சுளித்தான். "இன்னா சார் நீங்க, நல்ல நாளும் அதுவுமா செத்துடுவ செத்துடுவன்னுகினு."

அம்சா டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். "நீ சும்மா இர்றா. இன்னிக்கித்தான் சார் ஒழுங்கா பேசறாரு."